கலியாணச் செலவும் கடையின் முதலும்

எமது வர்த்தகத் தெருக்களில் ஒரு கடையின் கதவு நிரந்தரமாக மூடப்பட்டால் அதற்குக் காரணம் சொல்ல நான்கு பேர் கூடிவிடுவார்கள். டொலர் ஏறியது என்பார் ஒருவர். சுங்கத்தில் சரக்கு நின்றுவிட்டது என்பார் இன்னொருவர். மக்கள் கையில் காசில்லை, பெரிய சுப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன, போனிலேயே சாமான் வாங்குகிறார்கள் என்றெல்லாம் பேச்சு நீளும். இவை யாவும் உண்மைதான். ஆனால், அந்தப் பட்டியலில் ஒருபோதும் சேராத ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கடை முதலாளி ஆறு மாதத்துக்கு முன்னர் மகளுக்கு நடத்திய கலியாணம்.

முப்பது வருடங்களுக்கு மேலாகக் கல்லாவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வியாபாரம் படுத்து மூடிய கடைகளை விட, முதலை வெளியே எடுத்து மூடிய கடைகளே நான் கண்டதில் அதிகம். முதல் வெளியே போகும் வழிகளில் வீடு கட்டுவது ஒன்று. மற்றது கலியாணம். வீடாவது நிற்கும்.

இந்தப் பத்தியில் இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பேச விரும்புகிறேன். கலியாணச் செலவு ஒரு சிறு வியாபாரியின் கடையை எப்படித் தாக்குகிறது என்பது ஒன்று. கலியாணங்களை ஒழுங்குபண்ணிக் கொடுப்பதையே தொழிலாக எடுத்துவரும் எமது இளைஞர், யுவதிகள் பற்றியது மற்றது. "வெடிங் பிளேனர்" என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் எம்மில் இருக்கிறார்கள். இருக்கிற வீண்விரயம் போதாதென்று அதற்கும் ஓர் ஆளா என்று கேட்கிறார்கள். எனது கருத்து வேறு. அந்தத் தொழிலைச் சரியாகச் செய்தால் வீண்விரயத்தைக் குறைக்கக்கூடிய ஆள் அவர்தான். பிழையாகச் செய்தால், பெரியவர்கள் பயப்படுவதை விடவும் மோசமாக முடியும்.

முதலில் கடைக் கணக்குக்கு வருவோம். பேச்சுக்கு ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். முதல் 50 இலட்சம். வருடத்தில் அந்த முதல் நான்கு தடவை புரள்கிறது. போட்ட முதலில் நூற்றுக்கு 15 கிடைக்கிறது என்று வைப்போம். அப்படியானால் வருடத்துக்கு இரண்டு கோடி ரூபாவுக்குக் கொள்முதல், 30 இலட்சம் மொத்த இலாபம். கடை வாடகை, பெடியன்மார் சம்பளம், மின்சாரம், லொறிக்கூலி என்று 20 இலட்சம் போகிறது. மிச்சம் 10 இலட்சத்தில் குடும்பம் நடக்கிறது. பெரிய வசதி என்று சொல்ல முடியாது, ஆனாலும் மரியாதையான வாழ்க்கை.

இப்போது மகளுக்குக் கலியாணம் பேசி முடிகிறது. 20 இலட்சம் தேவை. முதலாளி யாரிடமும் கடன் கேட்கவில்லை, வட்டிக்கும் போகவில்லை. "நம்முடைய சொந்தக் காசு" என்று கடையிலிருந்து எடுக்கிறார். ஊரும் அவரைப் புகழ்கிறது. கடையில் மிச்சம் 30 இலட்சம். அதே நான்கு புரளல், அதே 15 வீதம். 18 இலட்சம் இலாபம் வருகிறது. ஆனால் கடை வாடகைக்காரர் மகளுக்குக் கலியாணம் முடிந்தது என்று வாடகையைக் குறைக்க மாட்டார். சம்பளமும் குறையாது. செலவு அதே 20 இலட்சம். வருடத்துக்கு 10 இலட்சம் தந்த கடை இப்போது 2 இலட்சம் நட்டத்தில் ஓடுகிறது. வீட்டுச் செலவுக்கு இனி எடுப்பதெல்லாம் முதலிலிருந்துதான். உண்மையில் நான்கு புரளலும் வராது. ராக்கையில் சரக்குக் குறைந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இரண்டு வருடத்தில் கதவு மூடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

50 இலட்சத்தில் 20 இலட்சம் போனால் கடை ஐந்தில் இரண்டு பங்கு சிறுக்கும் என்றுதான் மனிதர் நினைக்கிறார். கடை அப்படிச் சிறுப்பதில்லை. ஒரு மட்டத்துக்குக் கீழே முதல் இறங்கினால் கடை தன்னையே தின்னத் தொடங்கிவிடும். அந்த மட்டம் எதுவென்று ஒவ்வொரு வியாபாரியும் தன் கடைக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். கலியாணத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

சொந்தக் காசும் இல்லாதவர்கள் செய்வது இன்னொன்று. கொழும்புச் சந்தையில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 90 நாள் செக்குக்குச் சரக்கு எடுப்பது, எடுத்த அன்றைக்கே கீழ் விலைக்குக் காசுக்கு விற்பது. 10 இலட்சம் ரூபாச் சரக்கு 9 இலட்சத்து 20 ஆயிரத்துக்குப் போகும். கையில் காசு வந்துவிட்டது, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. வங்கிக்குப் போகவில்லை, வட்டி என்ற சொல்லே வாயில் வரவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு 80 ஆயிரம் ரூபா போய்விட்டது. வருடக் கணக்கில் பார்த்தால் அது நூற்றுக்கு ஏறத்தாழ 35. எந்த வங்கியும் கேட்கப் பயப்படும் தொகை. இதன் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் வியாபாரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 90ஆம் நாள் அந்த செக் வங்கிக்குப் போகும்போது, காசு புரியாணியாகி எப்போதோ முடிந்திருக்கும். அந்த செக்கை மறைக்க இன்னொரு சரக்கு, இன்னொரு செக். இதற்குள் அந்தச் சரக்கைக் கீழ் விலைக்குச் சந்தையில் இறக்கியதால், நேர்மையாக அதே சரக்கை விற்கும் பக்கத்துக் கடைக்காரரின் விலையும் உடைந்துபோகிறது. ஒரு வீட்டுக் கலியாணம் தெருவிலுள்ள பத்துக் கடைக்குச் சேதம் செய்யும் விதம் இதுதான்.

சரி, செலவு எங்கே கூடுகிறது? உடுப்பிலும் நகையிலும் என்று பலர் சொல்வார்கள். நகை ஒரு வகையில் கையில் நிற்கும் பொருள். பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரைவது ஆட்தொகையில்தான். வியாபாரிக்கு இதில் தனியான ஒரு வருத்தம் இருக்கிறது. அவருடைய அழைப்புப் பட்டியல் அவருடைய கடன் ஏட்டைப் போன்றது. யார் யார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம், யாரிடம் சரக்கு எடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், சங்கத்தில் யார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் யார் என்று எல்லாம் வந்து சேரும். 300 என்று தொடங்கிய பட்டியல் 600 இல் நிற்கும். அந்த 600 பேரில் மணமக்களின் பெயர் சரியாகத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் இருந்தால் பெரிய விடயம்.

சஹன் சாப்பாட்டில் இந்தக் கணக்கு சுலபம். சஹனுக்கு ஆறு பேர். 600 பேருக்கு 100 சஹன். ஒரு சஹன் 12,000 ரூபா என்று வைத்தால் 12 இலட்சம். பட்டியலில் 120 பேரைக் குறைத்தால் 20 சஹன், 2 இலட்சத்து 40 ஆயிரம் மிச்சம். அத்தோடு சின்ன மண்டபம் போதும், கதிரை குறைவு, பரிமாற ஆள் குறைவு. ஆனால் நடைமுறையில் நடப்பதென்ன? ஆறு பேருக்கான சஹனில் நான்கு பேர் இருப்பார்கள். குடும்பமாக வந்தவர்கள் தங்கள் ஆட்களோடுதான் இருப்போம் என்று இரண்டு இடத்தைக் காலியாக விடுவார்கள். பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சஹனை மூவர் எடுத்துக்கொள்வார்கள். 100 சஹன் போட்டும் காணாமல் கடைசிப் பந்தியில் கோழிப் பொரியலுக்கு ஓடும் கலியாணங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கலியாணத்தில் ஐம்பது சஹனில் பாதிச் சோறு மிஞ்சியிருக்கும். கை வைத்த சோற்றை யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

அனுபவமுள்ள ஓர் ஒழுங்கமைப்பாளர் இந்த இடத்தில்தான் தன் கூலியை உழைக்கிறார். வாசலில் ஓர் ஆளை நிறுத்தி வந்த தலைகளை எண்ணுகிறார். ஆறு ஆறாக இருத்துகிறார். எல்லாச் சஹனையும் முன்கூட்டியே நிரப்பி வரிசையாக வைக்காமல், கிடாரத்தைத் தம்மில் மூடியபடி வைத்து, ஆட்கள் இருந்த பிறகே அள்ளச் சொல்கிறார். மிஞ்சினால் கிடாரத்தில் கை படாத சோறாக மிஞ்சும். அஸருக்கு முன்னர் ஒரு மத்ரஸாவுக்கோ அநாதை இல்லத்துக்கோ சுத்தமாகப் போய்ச் சேரும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் மணமகளின் வாப்பாவால் இதைச் செய்ய முடியாது. அவர் அன்றைக்கு வாசலில் நின்று ஸலாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஹோட்டலில் வைப்பவர்களுக்கு வேறு கணக்கு. "பிளேட் 5,000" என்று சொல்லும்போது 400 பேருக்கு 20 இலட்சம் என்று வாப்பா மனக்கணக்குப் போடுகிறார். பில் வரும்போது சேவைக் கட்டணம் 10 வீதம், அதன் மேல் பெறுமதி சேர் வரி. அந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். 5,000 என்பது 6,490 ஆகிவிடும். 400 பேருக்கு 25 இலட்சத்து 96 ஆயிரம். கையொப்பமிட்ட தாளின் அடியில் சிறிய எழுத்தில் இது எழுதித்தான் இருக்கும், யாரும் ஏமாற்றவில்லை. வாசிக்காமல் கையொப்பமிட்டது எங்கள் ஆள்தான். சரக்கு எடுக்கும்போது கழிவு அரை வீதத்துக்கு ஒரு மணித்தியாலம் பேரம் பேசும் மனிதர், கலியாண மண்டபத்தில் ஆறு இலட்சத்தைப் பார்க்காமல் கையொப்பம் வைக்கிறார். மண்டபத்தில் பேரம் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பு! இன்னுமொன்று, ஹோட்டல்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைக் கேட்கும். 400 என்று உத்தரவாதம் கொடுத்து 310 பேர் வந்தாலும் 400 பேருக்குத்தான் காசு. மழை நாளில் கலியாணம் வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

யார் செலவு செய்வது என்ற கேள்வியையும் தொடாமல் போக முடியாது. வலீமா மாப்பிள்ளையின் பொறுப்பு. எமது நடைமுறையில் நிகாஹ் அன்றைய பெரிய சாப்பாடு பெண் வீட்டார் தலையில் வந்துவிட்டது. கைக்கூலி என்ற சொல் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது என்றால் எவ்வளவு காலப் பழக்கம் என்று பாருங்கள். கிழக்கு மாகாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம், சாப்பாட்டுச் செலவைச் சிறு தொகையாக்கிவிடும். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள சாதாரண வியாபாரி வாழ்நாள் முழுவதும் சீமெந்துக்கும் கல்லுக்கும்தான் உழைக்கிறார். அதில் எந்த ஒழுங்கமைப்பாளராலும் உதவ முடியாது. இரு வீட்டாரும் பேச வேண்டிய விடயம் அது.

வியாபாரிகளுக்கு நான் அடிக்கடி நினைவூட்டும் ஒரு சம்பவம், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுடையது. மக்காவிலிருந்து எதுவுமில்லாமல் மதீனா வந்தவர். சொத்தில் பாதியைத் தர மதீனாவாசியான ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) முன்வந்தபோது, துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டுப் போனவர். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்று இலாபம் கண்டார். சில நாட்களுக்குப் பின்னர் அவரது உடையில் மஞ்சள் நிற வாசனைப் பூச்சைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோதுதான் அவர் மணம் முடித்த விடயமே தெரிய வருகிறது. ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி அவருக்குக் கூறப்பட்டது. இதில் நான் வியாபாரியாகக் கவனிப்பது வரிசையை. சந்தை முதலில், இலாபம் அதற்குப் பின்னர், கலியாணம் அந்த இலாபத்திலிருந்து. அத்தோடு, ஊரின் தலைவருக்கே அழைப்பில்லாமல் ஒரு கலியாணம் நடந்திருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. எமது ஊரில் ஒரு சங்கத் தலைவருக்குக் கார்ட் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இனித் தொழிலுக்கு வருவோம். முன்னர் கலியாண வேலையைத் தெருவே செய்தது. மச்சான்மார் கதிரை தூக்கினார்கள், சாச்சாமார் சமையலுக்குக் காவல் இருந்தார்கள், ராத்தாமார் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்தார்கள். இப்போது மச்சான் கட்டாரில், சாச்சா மகனோடு இங்கிலாந்தில். வீட்டுக்கு முன்னால் பந்தல் போட முற்றம் இல்லை, மாடி வீட்டில் குடியிருக்கிறோம். அந்த வேலைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. யாரோ ஒருவர் கூலிக்குச் செய்ய வேண்டும். மண்டபம், சமையல், செட்டிபேக் மேடை, பூ, படப்பிடிப்பு, மணமகள் அலங்காரம், வாகனம், பதிவாளர், பள்ளிவாசல் என்று பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே நாளில் ஒரே இடத்தில் நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது சாதாரண வேலை அல்ல. லுஹருக்குப் பிறகு நிகாஹ் என்றால் சமையல் எத்தனை மணிக்கு அடுப்பேற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். போயா தினத்தில் கலியாணம் என்றால் இறைச்சிக் கடை மூடியிருக்கும், முதல் நாளே வாங்கிக் குளிரில் வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே தொழில் நல்ல தொழில். கெட்டுப்போவது கூலி வாங்கும் விதத்தில்தான்.

மூன்று விதமாக வாங்குகிறார்கள். ஒரு தொகை பேசி வாங்குபவர்கள் சிலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் சிலர். மூன்றாவது வகையினர்தான் இப்போது அதிகம். அவர்களுடைய பேச்சு இப்படி இருக்கும்:

"ஹாஜியார், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. பூ, மேடை, படம் எல்லாம் நம்மட ஆக்கள்தான். நான் பாத்துக்கிறேன்."

"உங்களுக்கு எவ்வளவு தம்பி தரணும்?"

"எனக்கு ஒரு சதமும் வேணாம் ஹாஜியார். நீங்க நம்மட வாப்பா மாதிரி."

மிகவும் விலை கூடிய ஒழுங்கமைப்பாளர் இவர்தான். பூக்காரரிடம் ஒன்று, படப்பிடிப்பாளரிடம் ஒன்று, மண்டபத்தில் ஒன்று என்று ஒவ்வொரு இடத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு அவர்கள் பையிலிருந்து வருவதில்லை, ஹாஜியாரின் பில்லில் ஏற்றப்பட்டுத்தான் வருகிறது. எங்கள் கடையில் கொள்முதலுக்கு அனுப்பிய பெடியன் சரக்குக்காரரிடம் இரகசியமாகக் கொமிசன் வாங்கினால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம். இங்கே அதே வேலையைச் செய்பவருக்கு மாலை போட்டு மேடையில் படம் எடுக்கிறோம்.

வீதக் கணக்கிலும் கோளாறு உண்டு. நூற்றுக்கு 10 என்றால், 20 இலட்சக் கலியாணத்தில் அவருக்கு 2 இலட்சம். அவர் மூளையைப் பாவித்து 15 இலட்சத்தில் முடித்துக் கொடுத்தால் ஒன்றரை இலட்சம். திறமையாக வேலை செய்ததற்கு 50 ஆயிரம் தண்டம்! எந்த மனிதர் செய்வார்? ஆகவே என் சிபாரிசு, கூலியை முன்னரே ஒரு தொகையாகப் பேசுங்கள். செலவுக்கும் ஓர் எல்லையை எழுதுங்கள். அந்த எல்லைக்குக் கீழே அவர் முடித்துத் தந்தால் மிச்சத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று எழுதுங்கள். பில்கள் நேரடியாக உங்கள் பெயரில் வரட்டும், காசும் நேரடியாகப் போகட்டும். கழிவு கிடைத்தால் பில்லில் தெரியட்டும். இதற்கு உடன்படாத ஒழுங்கமைப்பாளர் எதற்காக உடன்படவில்லை என்று ஒரு தரம் யோசியுங்கள்.

இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். கொமிசனில் முதல் வருடம் நல்ல காசு பார்க்கலாம். ஆனால் எமது சமூகம் சிறியது. இரண்டு வீட்டில் பில்லை ஒப்பிட்டுப் பார்த்தால் கதை முடிந்தது. "அந்தப் பிள்ளை செலவைக் குறைத்துத் தந்தது" என்ற ஒரு பேச்சு, நீங்கள் அடிக்கும் வண்ண விளம்பரம் அத்தனையையும் விட அதிக கலியாணங்களைக் கொண்டுவரும்.

ஆரம்பிப்பதற்குப் பெரிய முதல் தேவையில்லை என்பது இத்தொழிலின் பலம். அதைச் சிலர் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கலியாணம் கையில் வந்ததும் சொந்தமாக மேடை, விளக்கு, கதிரை, துணி என்று வாங்கிக் குவிக்கிறார்கள். பிறகு அதை வைக்கக் களஞ்சியம் வாடகைக்கு. ஏற்றி இறக்க லொறி. இரண்டாவது சீசனில் அந்த வடிவம் பழையதாகிவிடும். பிறகு வாப்பாமார் கேட்காத மேடையையும் தலையில் கட்டித்தான் ஆக வேண்டும். வாங்கி வைத்திருப்பவரிடம் வாடகைக்கு எடுங்கள். உங்கள் சரக்கு உங்கள் ஏடும் தொலைபேசியும் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதும்தான். ஆரம்பத்தில் கலியாண நாளின் மேற்பார்வையை மட்டும் பொறுப்பெடுத்துப் பழகுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள், வங்கிக் கணக்கைக் குடும்பக் கணக்கிலிருந்து பிரித்துவையுங்கள். சமையலையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பேச்சைக் கேட்டு நடவுங்கள். ஒரு கலியாணத்தில் சாப்பாடு பழுதாகி நாற்பது பேர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தப் பெயரோடு இன்னொரு கலியாணம் எடுக்க முடியாது.

ரமழானில் எமது கலியாணங்கள் இல்லை. பாடசாலை விடுமுறையிலும் பெருநாட்களைத் தொடர்ந்தும் ஒரே நாளில் நான்கு வரும். முஸ்லிம் கலியாணத்தை மட்டும் நம்பியிருப்பவர் வருடத்தில் சில மாதம் சும்மாதான் இருப்பார். சிங்கள, தமிழ்ச் சகோதரர்களின் கலியாணங்களையும் எடுக்கப் பழக வேண்டும். சிங்களவர்களுக்குச் சுப நேரம் முக்கியம், போருவையில் ஏறும் நிமிடம் ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது. இந்துக்கள் ஆடியிலும் மார்கழியிலும் வைக்க மாட்டார்கள். இவற்றைத் தெரிந்துகொண்டு மரியாதையோடு செய்தால் காலண்டர் நிரம்பும். எமக்கு ஒவ்வாத விடயங்களை முதற் பேச்சிலேயே பணிவாகச் சொல்லிவிட்டால் எந்த வீட்டாரும் பிழையாக எடுப்பதில்லை. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னர் எமது கடைகளுக்கு மற்றச் சமூகத்தவர் வருவது குறைந்த காலத்தில், அவர்களுடைய வீட்டு வைபவங்களில் ஏற்கனவே பழகியிருந்தவர்களுக்குக் கதவு முற்றாக மூடப்படவில்லை என்பதையும் கண்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இத்தொழில் இன்னும் பொருத்தம் என்பேன். எமது கலியாணங்களில் பெண்கள் பக்கம் தனி. அங்கே ஓர் ஆண் ஒழுங்கமைப்பாளர் எட்டிப் பார்க்கவும் முடியாது. பாதிக் கலியாணத்தை யாரும் மேற்பார்வை செய்வதே இல்லை, வீண்போகும் சோறும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். வீட்டிலிருந்தே கேக் செய்பவர்களும் மருதோன்றி போடுபவர்களும் மணமகள் அலங்காரம் செய்பவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் கணக்குத் தெரிந்த ஒருவர் மற்றவர்களைச் சேர்த்து வேலை எடுத்தால் அதுவே ஒரு நிறுவனம்.

வியாபாரிகளுக்கு இன்னும் ஒரு விடயம் பாக்கி இருக்கிறது. கலியாணக் காசை எதில் சேர்ப்பது? மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே மாதாமாதம் இலாபத்திலிருந்து ஒதுக்கத் தொடங்கியவர்கள் கடையைத் தொடாமல் கலியாணம் முடித்திருக்கிறார்கள். ஆனால் முழுவதையும் ரூபாவாக வைத்திருந்தவர்கள் 2022 இல் பட்ட பாட்டையும் மறக்கக்கூடாது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 600 பேருக்குச் சேர்த்த காசு 300 பேருக்கும் காணவில்லை. தங்கமாக, ஒரு பவுண் இரண்டு பவுணாக வாங்கி வைத்தவர்கள் தப்பினார்கள். (ஸகாத் கணக்கை மறந்துவிட வேண்டாம், சேரும் பவுணுக்கும் அது உண்டு.) இஸ்லாமிய வங்கிமுறையில் இலாபப் பங்கீட்டுச் சேமிப்புக் கணக்குகளும் நாட்டில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றில் போடாமல் பிரித்துவைப்பது சரக்குக்குப் பொருந்துமென்றால் இதற்கும் பொருந்தும். சீட்டுப் போடுபவர்கள் தலைவர் யார் என்று பார்த்துப் போடுங்கள்.

கடைசியாக முற்பணம். 2020, 2021 இல் கொரோனாக் காலத்தில் வைபவங்களுக்கு ஆட்தொகைக் கட்டுப்பாடு வந்தது, சில காலம் கலியாண வைபவங்களே தடைசெய்யப்பட்டன. 2022 இல் பெற்றோலும் காஸும் இல்லாமல் விறகில் சமைத்தோம், தூரத்து விருந்தினர் வர வாகனமில்லை. அந்த மூன்று வருடத்தில் மண்டபக்காரருக்கும் கலியாண வீட்டாருக்கும் இடையில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம், தாளில் எதுவும் எழுதப்படாததுதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டாருக்கு ஒரு மண்டபம் முற்பணத்தையும் கொடுக்கவில்லை, வேறு திகதியும் கொடுக்கவில்லை. ரசீதில் "திருப்பிக் கொடுக்கப்படமாட்டாது" என்று ரப்பர் முத்திரை. அதே காலத்தில் ஒரு சிறிய ஒழுங்கமைப்பாளர், திகதி மாற்றினால் முற்பணம் அப்படியே நிற்கும், அரசாங்க உத்தரவால் நின்றால் செய்த வேலைக்கு மட்டும் கழித்து மிச்சத்தைத் தருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அவர் இன்றும் தொழிலில் இருக்கிறார்.

மண்டபங்களுடன் செய்யும் ஒப்பந்தத்தில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும் என்று ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் விபரமாகக் கேட்டிருக்கிறார். அவரது மகளின் நிகாஹ் நோன்புப் பெருநாளைக்குப் பிறகு. அதற்கு முன்னதாக, அடுத்த வாரமே எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.